துலக்கிக் கொடுத்த இரவல் கார்

மகளின் திருமணத்தன்று மணமக்கள் ஏறிவர, தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் என் கடைக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் ரவி அண்ணை தான் பல வருடமாகத் திருத்திவந்த பழைய முஸ்டாங் காரைத் தந்தார். இரவல் பொருளை வாங்கியதைவிடத் துலக்கமாகத் திருப்பிக் கொடுப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அதனால் காரின் முகப்பில் மங்கிக் கிடந்த குதிரைச் சின்னத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, இணையத்தில் வாங்கிய பளபளப்பான புதுச் சின்னத்தைப் பூட்டினேன்.

திருமணம் முடிந்து காரைத் திருப்பிக் கொடுத்தபோது அண்ணை புதுச் சின்னத்தைக் கழற்றிப் புரட்டிப் பார்த்தார்.

"பழசின்ரை பின்பக்கம் கொம்பனி நம்பர் குத்தியிருந்தது. அதுதான் ஒரிஜினல். எங்கை அது?"

"குப்பையிலை போட்டிட்டன், அண்ணை."

அவர் ஏசவில்லை. "மகள் சந்தோசமாப் போனவவோ?" என்று மட்டும் கேட்டார். நான் கூனிக்குறுகிப் போனேன்.

இப்போது இரவல் பொருளைத் துடைப்பதென்றாலும் உடையவரைக் கேட்டுவிட்டுத்தான் துணியை எடுக்கிறேன்.