வலியசாலையில் ஒரு ஜோடி ஷூ

மதியம் மூன்று மணிக்குத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே என் மகள் வித்யா நொண்ட ஆரம்பித்துவிட்டாள். திருநெல்வேலியிலிருந்து ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர், நாகர்கோவிலில் பஸ் மாறி வந்திருந்தோம். மறுநாள் கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் அவளுக்கு இன்டர்வியூ. அது இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம். இன்ஜினியரிங் முடித்த பிள்ளைகள் வேலைக்காக அலையாய் அலைந்த சமயம். ஷூ கட்டாயம் என்று சொல்லியிருந்தார்கள். செருப்பு தவிர வேறெதுவும் அறியாத கால் அவளுடையது. புது ஷூ கடித்ததில் இரண்டு குதிகாலும் செக்கச் செவேலென்று கிடந்தன.

"வலியசாலைக்கா? பத்து ரூபா மதி சாரே" என்றார் ஆட்டோக்காரர், பத்து ரூபாய் போதும் என்று மலையாளத்தில். இருபது ரூபாய்த் தாளை நீட்டினால் மீதியைக் கேட்காமலே தந்தார். எங்கள் ஊரில் மல்லுக்கட்டியே பழகிய எனக்கு இதுவே பெரிய உபசாரமாகப் பட்டது.

வலியசாலை அக்ரகாரத்தில் என் சித்தி மகள் விசாலம் இருக்கிறாள். வித்யாவின் நடையைப் பார்த்ததும், "எந்தாச்சுடி காலுக்கு? இரு, தேங்காயெண்ணெய் எடுத்துண்டு வரேன்" என்று உள்ளே ஓடினாள். அந்த ஊரில் எல்லா உபத்திரவத்துக்கும் முதல் வைத்தியம் தேங்காயெண்ணெய்தான்.

எதிர்வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அதைக் கேட்டு அப்படியே எழுந்து வந்தார். பெயர் ரமணி, மருந்துக் கம்பெனி ரெப். ஷூ காலோடு டாக்டர் வீடுகளுக்கு ஏறி இறங்குவதே பிழைப்பு.

"எண்ணெய் வேண்டாம் விசாலம்! தடவினா ஷூவுக்குள்ளே கால் வழுக்கி நாளைக்கு இந்தக் குட்டி விழும். தடி சாக்ஸ் ரெண்டு போட்டு, ஷூ பின்பக்கத்துல சூடு காட்டித் தோலை இளக வெச்சு, ஆறுற வரைக்கும் நடக்கணும், கேட்டேளா."

சூடு காட்ட ஹேர் டிரையர் மூன்றாம் வீட்டிலிருந்து வந்தது. அந்தத் தெருவில் காலணி வாசற்படி தாண்டாது. பிளக்கோ கூடத்தில். விசாலம் சளைக்கவில்லை, எக்ஸ்டென்ஷன் வயரை ஜன்னல் கம்பி வழியாக விட்டாள். ரமணி தெருவிலேயே உட்கார்ந்து, தோல் கருகாதபடி தள்ளிப் பிடித்துச் சூடு காட்டினார். வித்யா தெருக்கோடிக் கோயில் வாசலை நெருங்குமுன்பே ஒவ்வொரு தடவையும் திரும்பித் திரும்பி நடந்தாள்.

தீபாராதனை நேரம். தெருவே கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. பாவாடைக்குக் கீழே ஆபீஸ் ஷூவும் இரட்டை சாக்ஸுமாக ஒரு பெண் நடந்தால் யாராவது சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. வழியில் நின்ற ஸ்கூட்டரை ஒருவர் ஓரமாகத் தள்ளி வைத்தார். பூக்கூடையோடு போன அம்மாள், "பதுக்கெ நட மோளே, மெதுவா" என்றுவிட்டுப் போனாள். எனக்கு அந்தத் தெருவையே கும்பிடத் தோன்றியது.

படுக்கப் போகுமுன் ரமணி கொஞ்சம் பிளாஸ்டர் கொண்டுவந்து கொடுத்தார். "புண்ணான பின்னே ஒட்டி என்ன பிரயோஜனம்? காலம்பற ஷூ போடறதுக்கு முன்னாடியே ஒட்டிக்கோ. மிச்சத்தைப் பையில வெச்சுக்கோ."

மறுநாள் எட்டு மணிக்குக் கிழக்கேக்கோட்டையில் பஸ் ஏறினோம். கழக்கூட்டம் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். கம்பெனி கேட்டைத் தாண்டி என்னை விடவில்லை. ஆனாலும் காவலாளி, "அச்சன் இவிடெ இரிக்கூ" என்று தன் நாற்காலியையே தந்தார். மேட்டுச் சாலையில் வித்யா நிமிர்ந்து, நொண்டாமல் ஏறிப் போவதைப் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நான்கு மணிக்கு வந்தாள். முதல் பரீட்சை கம்ப்யூட்டர் ரூமில். ஷூவை எல்லோரும் வெளியே கழற்றி வைக்க வேண்டுமாம். பரீட்சை முடிந்து வந்தபோது பக்கத்துப் பெண்ணுக்குக் குதிகால் உரிந்து ரத்தம். ஷூவைத் திரும்பப் போட முடியவில்லை. அடுத்தது நேர்முகம். வித்யா மிச்ச பிளாஸ்டரை அவளுக்கு ஒட்டிவிட்டு, தன் சாக்ஸில் ஒரு ஜோடியையும் கொடுத்திருக்கிறாள்.

"அவளுக்குக் கெடைச்சுடுத்துப்பா. எனக்குத்தான் இல்லே."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "உன்னை யாரு கொடுக்கச் சொன்னா?"

"அவ கால்ல ரத்தம் வந்துண்டிருந்ததுப்பா."

கோபம் போன இடம் தெரியவில்லை. இவள் என் பெண் என்று பெருமையாக இருந்தது.

வலியசாலையில் என்ன பதில் சொல்வது என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். தெருவில் நுழைந்ததும் ரமணி எழுந்து வந்தார். எங்கள் முகத்தைப் பார்த்தாலே புரிந்திருக்கும். குனிந்து அவள் காலைப் பார்த்தார்.

"கடிச்சுதா?"

"இல்லே மாமா."

"அது மதி. இனி எத்தனை கம்பெனிக்கு வேணும்னாலும் ஏறி இறங்கலாம்."

விசாலம் உள்ளேயிருந்து, "பாயசம் வெச்சிருக்கேன். வேலைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லே, உக்காரு" என்றாள். வித்யா அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே இரண்டு டம்ளர் குடித்தாள்.

அடுத்த நாள் மத்தியானம் திருநெல்வேலி வந்து எங்கள் தெருவுக்குள் நுழைந்தோம். முதல் வீட்டிலேயே கேட்டார்கள்: "வேலை கிடைச்சுட்டா?" எட்டு வீடு தாண்டி எங்கள் வீடு. எட்டு வீட்டிலும் அதையே கேட்டார்கள். எட்டு வீட்டுக்கும் வித்யாவே நின்று, "இல்லே" என்று பதில் சொல்லிக்கொண்டு வந்தாள்.