மாது இறக்கிய பெட்டிகள்

பாலக்கோடு தக்காளி மண்டியில் மாதுவைத் தெரியாதவர்கள் குறைவு. இரண்டு பெட்டிகளை ஒன்றாகத் தோளில் ஏற்றிக்கொண்டு நடப்பான். யாரும் கேட்காமலே நடப்பான், அதுதான் அவனிடம் உள்ள கோளாறு. அரை ஏக்கர் தக்காளிக்காரனுக்கு இவ்வளவு வீறாப்பு எதற்கு என்று சிரித்தால், அதையும் பாராட்டாக எடுத்துக்கொள்கிற ஆள்.

போன வருஷம் கழுத்தில் நெறி கட்டியது. சோதித்துவிட்டுப் புற்றுநோய் என்றார்கள். ஊருக்கு வயிற்றுப்புண் என்று சொல்லிவிட்டு, சேலத்துக்குப் போய்ப் போய் மருந்து ஏற்றிக்கொண்டான். முடி கொட்டியதற்குத் தீர்த்தமலை மொட்டை என்று பெயர் வைத்தான். அவன் மனைவி அமுதவல்லிக்கு மட்டும்தான் எல்லாம் தெரியும்.

மருந்து முடிந்ததும், நோய் போய்விட்டதா என்று பார்க்க பெட்-சிடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். ஸ்கேன் சென்டரிலிருந்து நர்ஸ் போனில் தெளிவாகவே சொன்னார். "ஊசியில சர்க்கரை மருந்து போடுவோம். நோய் இருக்கற இடம் அதை இழுத்துக்கும், படத்துல கருப்பா தெரியும். பாடுபட்ட சதையும் இழுத்துக்கும். அதனால முந்தின நாள் வெயிட் எதுவும் தூக்காதீங்க." கூட இருந்து கேட்ட அமுதவல்லி அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

பழுத்த தக்காளி ஸ்கேனுக்காகக் காத்திருக்காது. முந்தின நாள் மண்டியில் அமுதவல்லியே டெம்போவிலிருந்து பெட்டிகளை இறக்கினாள். மாது சும்மா நின்றான். லோடு இறக்குகிற குமார், "என்ன மாதண்ணா, அண்ணிய தூக்க வுட்டுட்டு நீங்க மேஸ்திரி ஆயிட்டீங்களா?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவள் எடை போடுகிற இடத்துக்குப் போனதுதான் தாமதம், மிச்சப் பெட்டிகளை மாது இரண்டிரண்டாக இறக்கித் தள்ளினான். திரும்பி வந்தவளிடம், "குமார் எறக்கிக் குடுத்தான்" என்றான். அவள் நன்றியோடு குமாருக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். அந்தப் படுபாவியும் கூச்சமில்லாமல் வாங்கிக் குடித்தான்.

மறுநாள் சேலத்தில் ஸ்கேன் முடிந்ததும் டாக்டர் அம்மா இருவரையும் உள்ளே கூப்பிட்டார். கம்ப்யூட்டரில் மாதுவின் உருவம் தெரிந்தது. கழுத்தடியிலும் தோள்களிலும் கருப்பு. மருந்துக்கு முன்னால் எடுத்த முதல் ஸ்கேனிலும் கழுத்து கருத்திருந்ததை அமுதவல்லி பார்த்திருக்கிறாள். அவளுக்கு முகம் செத்துவிட்டது.

"நேத்து ஏதாவது வெயிட் தூக்குனீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

மாது மனைவியை ஒரு பார்வை பார்த்தான். "இல்லீங்க."

"சரி, வெளிய உக்காருங்க. நான் இன்னும் நல்லா பாக்கணும்."

வெளியே பெஞ்சில் அமுதவல்லி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "சின்னவ கல்யாணத்தையாவது கூட இருந்து பாப்பீங்கன்னு இருந்தனே" என்றாள். மாது அவள் முதுகைத் தடவிக் கொடுத்தான். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவளுக்கு மூச்சு வந்திருக்கும். ஒருவேளை நோயேதானோ என்ற பயம் அவனுக்கும் இருந்தது. ஆனால் வாயை அடைத்தது பயமில்லை, வெட்கம். சத்தியம் பண்ணிவிட்டு, நாலு பேர் சிரித்ததற்காகத் தூக்கினேன், அதற்கு உன்னையே டீ வாங்கிக் கொடுக்கவும் வைத்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? சொல்லலாம் சொல்லலாம் என்று இருந்தவனை, டாக்டர் மறுபடியும் கூப்பிட்டுவிட்டார்.

"சர்க்கரை எங்க போச்சுன்னு ஒரு படம் காட்டும். அந்த இடத்துல இருக்கறது என்னன்னு சிடி காட்டும். ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பாத்தேன். கருப்பு எல்லாம் சதையிலதான் இருக்கு. பழைய நெறி சுருங்கிக் கெடக்கு, அதுல சர்க்கரை ஏறவே இல்ல. நோய் அடங்கியிருக்கும்மா."

அமுதவல்லி கைகூப்பினாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

டாக்டர் மாதுவிடம் திரும்பினார். "ஆனா இது சும்மா இருந்த சதை இல்லீங்க. என்ன தூக்குனீங்க?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அமுதவல்லி முந்திக்கொண்டாள். "அவரு ஒண்ணும் தூக்கலீங்க. தூக்கியிருந்தா எங்கிட்ட சொல்லியிருப்பாரு. நான் அந்த அழுவ அழுவறன், பக்கத்துலயே உக்காந்திருந்தாருங்களே."

மாது தரையைப் பார்த்தபடி, "தூக்குனன்" என்றான். "நேத்து மண்டியில. நீ எடை போடப் போனப்ப."

அமுதவல்லி கூப்பிய கைகளை இறக்கினாள்.

"அப்ப நான் அழுதப்ப, உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்" என்றான் மாது.