மிக்கியூக் அக்கா மறுத்ததை நான் பார்த்தேன்

கொம்புத் திமிங்கிலத்தைப் பற்றி மிக்கியூக் அக்காவுக்குத் தெரிந்த அளவு வடதுருவத்தை ஒட்டிய எங்கள் ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. கணவர் கடல்பனி உடைந்து மூழ்கிப் போய்ச் சேர்ந்தபின் படகையும் துப்பாக்கியையும் தானே கையில் எடுத்தவர். அதனால் தெற்கே துருவ ஆய்வாளர்கள் கூட்டம் போட்டபோது ஊர்ப் பிரதிநிதியாக அவரையே அனுப்பினோம். மொழிபெயர்க்க நான்.

ஆகஸ்டில் எங்கள் கடற்கழிக்குள் கப்பல் விட்டு, வெடிச்சத்தம் எழுப்பிக் கடல்தரையை அளக்கப் போவதாகக் கூட்டத் தலைவர் சொன்னார். திமிங்கிலங்கள் குட்டியோடு அங்கே வரும் மாதம் அது. எங்கள் குளிர்கால இறைச்சியே அவைதான். "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்றார். அக்கா மூக்கைச் சுருக்கினார். எங்களுக்குப் புருவம் தூக்கினால் சரி, மூக்கைச் சுருக்கினால் முடியாது. இவ்வளவு பச்சையாகச் சொன்னதற்கு மொழிபெயர்ப்பு எதற்கு? நான்பாட்டுக்குக் காப்பி குடித்தேன், மடையன்.

கப்பல் வந்தது. கப்பல்காரர்கள் கையோடு கொண்டுவந்த கடிதத்தில் அக்காவின் பெயர்: 'ஊர்ப் பிரதிநிதி ஆட்சேபிக்கவில்லை.' முதல் வெடிச்சத்தத்திலேயே திமிங்கிலக் கூட்டம் கழியைவிட்டுப் போய்விட்டது.

கடை வாசலில் அக்காவின் கொழுந்தன் அக்கியாருக் வழிமறித்தான்.

"என்ன அண்ணி, தெக்க மெத்தை ரொம்ப மெத்துனு இருந்துச்சோ? தூக்கத்துலயே தலைய ஆட்டிட்டு வந்துட்டீங்க போல."

அக்கா மாவுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. அதன்பின் ஒரு வாரம் யாரும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. நானும்தான்.

எட்டாம் நாள் போனேன். தரையில் உட்கார்ந்து, அரைவட்டக் கத்தியால் கடல்நாய் இறைச்சி அறுத்துத் தின்றுகொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்தேன்.

"அக்கா, நீ முடியாதுன்னத நான் பாத்தேன். எடுத்துச் சொல்லாம விட்டது நான்தான். இத நீ ஊர்ல சொல்லியிருக்கலாமே?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன்." இன்னொரு துண்டு அறுத்தார். "ஊர் வானொலில எல்லாரும் கேக்க இத சொல்லிட்டுதான் வர்றியா?"

"இல்லக்கா."

அந்தத் துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். எங்கள் ஊரில் வீட்டுக்கு வந்தவனுக்கு இறைச்சியை நீட்டாத கையை நான் அன்றுதான் பார்த்தேன்.