மருதமுத்துவும் முதல் இரும்புப் பெட்டியும்

செய்தி எனக்கு வானொலியில்தான் வந்தது. தீவின் துறைமுக நகரத்தில், டிராங்கெபார் பகுதியில், எங்கள் தெரு முனைச் சீனக் கடையில் ரொட்டி வாங்க நின்றிருந்தேன். மதிய நேரத்து மரண அறிவிப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. வாசித்தவர் பெயரைப் பிரெஞ்சுப் பெயர் போல உச்சரித்ததால் முதலில் பிடிபடவில்லை. பிறகு ஊர் ரோஸ் பெல் என்றார், துறைமுகத்தில் வேலை பார்த்தவர் என்றார். கடைக்காரர் சத்தத்தைக் குறைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"உங்கள் மச்சான்தானே?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். ரொட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. நாள் முழுக்க மூட்டை சுமந்தவனுக்கு மாலையில் வரும் அலுப்புதான் வந்தது. அது இன்னும் போகவில்லை.

மருதமுத்து என் மனைவி காமாட்சியின் அண்ணன். நெஞ்சுச் சளி முற்றிப் படுத்துவிட்டான் என்று கேட்டு அவள் ஒரு வாரம் முன்பே ரோஸ் பெல்லுக்குப் போயிருந்தாள். எங்கள் இரண்டு வீட்டிலும் தொலைபேசி கிடையாது. அதனால் அவள் ஆள் அனுப்புவதற்கு முன் வானொலி முந்திக்கொண்டது. நானும் அவளோடு போயிருக்க வேண்டும். போகவில்லை. அவன் என் வயதுக்காரன், துறைமுகத்தில் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள். செத்தவனை 'அவர்' என்று எழுதுவது முறை என்று சங்கத்து நண்பர்கள் சொன்னார்கள். அப்படி எழுதினால் வேறு யாரையோ பற்றி எழுதுவது போல இருக்கிறது. அதனால் 'அவன்' என்றே எழுதுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வீட்டிலும் வேலையிலும் பேசியது தீவின் பொதுமொழியான கிரியோல்தான். கோயில் வகுப்பில் கற்ற தமிழில் அவன் பேச்சை இங்கே எழுதியிருக்கிறேன். 'மச்சான்' என்ற ஒரு சொல்லை மட்டும் அவன் எப்போதும் தமிழில்தான் சொல்வான்.

முப்பத்தெட்டாம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் இரண்டு பேரும் இருந்தோம். போலீஸ் ஆட்களைப் பிடிக்கத் தொடங்கியதும் கரும்புக்காடுகளுக்கு நடுவே நடந்து அவன் அப்பா வீட்டுக்குப் போய் ஒளிந்தோம். நான் ஒரு வாரத்தில் பயந்துபோய் வேலைக்குத் திரும்பிவிட்டேன். பிடிபட்டவர்கள் வெளியே வரும் வரை அவன் திரும்பவில்லை. பிற்காலத்தில் அவனை முதலாளியின் ஆள் என்று பேசியவர்களுக்கு, நான் உட்பட, இது தெரியும். தெரிந்தும் பேசினோம்.

அப்போதெல்லாம் கப்பல்கள் துறைமுகத்தின் நடுவில் நிற்கும். சலான் என்று நாங்கள் சொல்லும் தட்டையான சரக்குப் படகுகளில்தான் எல்லாம் கரைக்கு வரும், கரையிலிருந்து போகும். போவது சர்க்கரை மூட்டை, வருவது அரிசி மூட்டை. ஒரு முறை கப்பலின் அடித்தளத்தில் அரிசி அடுக்கு சரிந்து லூயி என்பவன் அதற்கடியில் மாட்டிக்கொண்டான். மருதமுத்துவின் குழுவில் வேலை பார்த்தவன். நாங்கள் மேலே நின்று கத்திக்கொண்டிருந்தபோது மருதமுத்து உள்ளே இறங்கி ஒவ்வொரு மூட்டையாக இழுத்துப் போட்டான். லூயி பிழைத்தான். ஆனால் அதற்குப் பிறகு அவனால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. ஞாயிறுதோறும் மருதமுத்து அவன் வீட்டுக்குப் போய் அவனைக் குளிப்பாட்டிவிட்டு வருவான். ஒரு நாள் அங்கிருந்து திரும்பும்போது என்னிடம் சொன்னான்: "மச்சான், மூட்டை வைப்பதற்காக நமக்கு முதுகு கொடுக்கவில்லை. வேறு வழி ஒன்று இருந்தால் அதை நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்."

அந்த வேறு வழியைப் பற்றி அவன் மாலுமிகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டான். வெளிநாட்டுத் துறைமுகங்களில் எல்லாச் சரக்கையும் ஒரே அளவு இரும்புப் பெட்டிகளில் அடைக்கிறார்களாம். கப்பலிலிருந்து லாரிக்கும், லாரியிலிருந்து ரயிலுக்கும் பெட்டி திறக்காமலே மாறுகிறதாம். அளவு ஒன்று என்பதால் எந்த ஊர்ப் பாரந்தூக்கியும் எந்த ஊர்ப் பெட்டியையும் எடுக்குமாம். அவன் சொல்லும்போது நாங்கள் சிரித்தோம்.

சுதந்திரத்துக்கு மூன்று ஆண்டுகள் முன்பு அந்தப் பெட்டி ஒன்று வந்தேவிட்டது. கப்பலின் மேல்தளத்தில், சாம்பல் நிறத்தில், சின்ன வீடு ஒன்றைப் போல நின்றது. தெற்கே ஒரு சர்க்கரை ஆலைக்கான இயந்திரங்கள் உள்ளே இருந்தன. ஒற்றைப் பெட்டிதான். இருந்தாலும் அதைப் பார்த்த அன்றே துறைமுகத்தில் பேச்சு மாறியது. இது வந்தால் நமக்கு வேலை இருக்காது என்பதைச் சொல்ல யாரும் படித்திருக்கத் தேவையில்லை.

நான் அப்போது தொழிலாளர் சங்கத்தின் எங்கள் கிளைக்குச் செயலாளர். பெட்டியை யாரும் தொடக்கூடாது என்று தீர்மானம் எழுதிக் கூட்டத்தில் வைத்தேன். எல்லோரும் கை தூக்கத் தயாராக இருந்தார்கள். பின் வரிசையிலிருந்து மருதமுத்து எழுந்தான்.

"இதைத் திருப்பி அனுப்பினால் அடுத்த கப்பலில் இரண்டு வரும். எத்தனையைத் திருப்புவோம்? இப்போதே கப்பல் முகவர்களோடு உட்கார்ந்து கேட்போம். பெட்டியை இறக்குவது நம் ஆட்கள்தான் என்று கேட்போம். பாரந்தூக்கி ஓட்ட நம் ஆட்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்வோம். மிச்சம் இருப்பவர்களுக்கு என்ன வேலை என்று கேட்போம். நம்மிடம் அவர்களுக்குக் காரியம் இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு."

சிலர் தலையாட்டுவதை நான் பார்த்தேன். தீர்மானம் கைவிட்டுப் போகிறது என்று தோன்றியது. அப்போதுதான் நான் அதைக் கேட்டேன்.

"இதை உனக்கு யார் எழுதிக்கொடுத்தது?"

சிரிப்பு கிளம்பியது. அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. துறைமுகத்தில் அது எல்லோருக்கும் தெரியும். சிரிப்பு அடங்கும்வரை நின்றுகொண்டிருந்தான்.

"எனக்குப் படிக்க வராது, செல்லென். அது உனக்குத் தெரியும்" என்றான். உட்கார்ந்துகொண்டான்.

முப்பது ஆண்டுகளில் அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான்.

தீர்மானம் நிறைவேறியது. கப்பல் முகவர்கள் வெளியிலிருந்து எட்டுப் பேரைக் கூட்டிவந்தார்கள். கட்டட வேலை பார்த்தவர்கள், கடலில் கால் வைத்துப் பழகாதவர்கள். மறுநாள் காலை நாங்கள் கரையில் கூடி நின்று பார்த்தோம். அந்தப் பாரத்தை ஒற்றைச் சலானில் வைத்தால் அது கவிழும் என்பது எங்களுக்குத் தெரியும். அந்த எட்டுப் பேருக்குத் தெரியாது. கவிழட்டும் என்று எனக்குப் பக்கத்தில் நின்றவன் சொன்னான். நான் மறுத்துப் பேசவில்லை.

மருதமுத்து எங்கள் நடுவிலிருந்து வெளியே வந்து ஒரு சிறு படகில் ஏறினான். எங்கே போகிறாய் என்று யாரோ கேட்டார்கள். "அவர்களுக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்கும்" என்று மட்டும் சொன்னான். நாங்கள் விசில் அடித்தோம். கெட்ட வார்த்தையும் பேசினோம்.

கப்பலுக்குப் போனவன் இரண்டு சலான்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, குறுக்கே உத்தரங்கள் போட்டு, ஒன்றாகக் கட்டவைத்தான். கப்பலின் பெரிய பாரந்தூக்கி பெட்டியைத் தூக்கியபோது அது ஒரு பக்கமாகச் சுழன்றது. எட்டுப் பேரில் ஒருவன் வாயைப் பிளந்துகொண்டு அதன் நேர் கீழே நின்றான். மருதமுத்து அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்ததைக் கரையிலிருந்தே பார்த்தோம். அந்த ஆள் நின்றிருந்த இடத்தில்தான் பெட்டி வந்து உட்கார்ந்தது. அதைக் கரைக்குக் கொண்டுவந்த பிறகு, எங்கள் கரைப் பாரந்தூக்கியால் அதை முழுதாகத் தூக்க முடியவில்லை. கதவைத் திறந்து உள்ளே இருந்ததைத் தனித்தனியாக எடுத்தார்கள். எட்டுப் பேரும் இறங்கிய பிறகு அவன் இறங்கினான். யாரும் அவனோடு பேசவில்லை. நானும்தான்.

அவனைச் சங்கத்திலிருந்து நீக்கும் கடிதத்தை நான்தான் எழுதினேன். பிரெஞ்சில் எழுதினேன். நீக்குவதற்கான விதி எதுவோ அதைச் சொன்னால் போதும். அதற்கு மேல், என் கோபத்தில், துரோகி என்ற சொல்லையும் சேர்த்தேன். அவனிடமிருந்து பதில் வரவில்லை. அவன் குழுவை வேறொருவனிடம் கொடுத்தார்கள். அவன் குடும்பத்தோடு ரோஸ் பெல்லுக்குப் போய் அப்பாவின் துண்டு நிலத்தில் கரும்பு வெட்டினான்.

அடுத்த ஆண்டு அவன் மகள் தேவிக்குக் கல்யாணம். அழைப்பில் காமாட்சியின் பெயரோடு என் பெயரும் இருந்தது. தாய்மாமன் முறையும் அத்தை முறையும் பார்க்கிற குடும்பத்தில் அத்தை தனியாக பஸ் ஏறிப் போனாள். திரும்பி வந்ததும் அண்ணன் என்ன கேட்டான் என்று கேட்டேன். "உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார்" என்றாள்.

அதற்குள் மேலும் சில பெட்டிகள் வந்திருந்தன. ஒவ்வொன்றையும் வெளியாட்களே இறக்கினார்கள். நாங்கள் ஒவ்வொரு முறையும் கரையில் நின்றோம். கடைசியில் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடச் சொல்லி முகவர்களுக்கு நாங்களே எழுதினோம். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் நல்ல மனிதர், பொறுமையாகத்தான் பேசினார். "நீங்கள் எங்களிடம் எதுவும் கேட்கவே இல்லையே" என்றார். என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவனை நான்தான் வெளியே அனுப்பியிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரோஸ் பெல்லுக்குப் போனேன். நான் அவனைப் பார்த்த கடைசி முறை அதுதான். மாமரத்தடியில் பாயில் சாய்ந்திருந்தான், மூச்சு இரைத்தது. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவன் முகத்தைப் பார்த்ததும் அது வாயில் வரவில்லை. பெட்டியைப் பற்றிக் கேட்டேன்.

அவன் பாயில் நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு, "தாள் கொண்டுவந்தாயா?" என்றான்.

கேட்க வேண்டியவற்றை விரல் விட்டுச் சொல்லிக்கொண்டே போனான். தூக்கும்போது கீழே யாரும் நிற்கக்கூடாது என்பது முதலில் வந்தது. வேலையும் பயிற்சியும் அதற்குப் பிறகுதான். நான் மாற்றி எழுதப் போனேன், வேலையை முதலில் வைக்கலாமே என்றேன். "வேலை பார்க்க ஆள் உயிரோடு இருக்க வேண்டும், மச்சான்" என்றான். அந்தச் சொல்லை அவன் திரும்பச் சொன்னதைக் கவனித்தேன். அவன் கவனித்தானா என்று தெரியாது. அவன் சொன்னவற்றில் இதுவரை எங்களுக்குக் கிடைத்தது அந்த முதல் ஒன்று மட்டும்தான்.

அடக்கத்துக்குத் துறைமுகத்திலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். லூயி குனிந்தபடியே, ஒரு கையால் சவத் தேரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். எல்லாம் முடிந்த பிறகு வாசலில் தேவி என்னிடம் வந்தாள்.

"மாமா, நீங்கள் அனுப்பிய கடிதத்தை அப்பாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன்."

தெரியும் என்றேன். வீட்டில் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"ஒரு சொல்லை வாசிக்கவில்லை. இரண்டாவது தடவை வாசிக்கச் சொன்னார், அப்போதும் விட்டுவிட்டேன். செல்லென் விதிப்படி செய்திருக்கிறான், அவன் இடத்தில் அதுதான் சரி என்றார். கடைசிவரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்."

நீ செய்தது நல்லது என்று சொன்னேன்.

"உங்களுக்காகச் செய்யவில்லை, மாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவனை அறிந்த உங்கள் எல்லோருக்கும் அந்தச் சொல்லை நான் எழுதினேன் என்பது தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அது பொய். அவன் துரோகி இல்லை. இதைச் சொல்ல வேண்டிய இடத்தில், சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்லாமல் விட்டேன்.

அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒன்றுதான். கோபம் வந்தாலும் விதியைத் தாண்டாத ஒரு மச்சான் தனக்கு இருந்தான் என்று நம்பியே அவன் போனான். அப்படி ஒருவன் இருந்ததில்லை. இந்த வயதில், இந்த அலுப்பில், அப்படி ஒருவனாக மாறிக்கொள்வது எளிதில்லை என்பதும் தெரிகிறது. திங்கட்கிழமை மறுபடி கூட்டம், மறுபடி பெட்டிகளைப் பற்றித்தான். என் தீர்மானத்தை எதிர்த்துப் பேச இரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். முதலில் அவர்களைப் பேசவிடப் போகிறேன்.