ஊறுகாயும் சோறுமாய்ப் போன தவக்காலம்

போன வருடத் தவக்காலத்தின் நான்காம் வாரம் என் அக்கா வாய் கோணி விழுந்தாள். அன்றிலிருந்து அவளுக்குப் பேச்சில்லை. அதே கிழமை எனக்கும் பிடரி இடிக்கத் தொடங்கியது. அடுத்தது நான்தான் என்று மனம் அடித்துச் சொன்னது.

எங்கள் இருவருக்கும் பிரஷர். டொக்டர் தந்த குளிசையை ஒருநாளும் தவறவிட்டதில்லை. தவக்காலம் வந்தால் மீன், இறைச்சி தொடமாட்டோம். வாவிக்கரையில் பிறந்தவர்களுக்கு மீனை விடுவது லேசா? சோறு, தேசிக்காய் ஊறுகாய், பொரித்த மோர்மிளகாய், கொஞ்சம் மரக்கறி. அவ்வளவுதான். அக்கா விழுந்த பிறகு நான் மரக்கறியையும் விட்டேன். ஆனாலும் கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் பிரஷர் ஏறியே இருந்தது. பாவி நான், இன்னும் ஒறுக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

ஒரு பின்னேரம் கோயிலில் சிலுவைக்கு முன்னால் நின்று கத்தினேன். "ஆண்டவரே, இன்னும் எதை விட வேணும்? வாயைத் திறந்து சொல்லும்!" கோபத்தோடுதான் கேட்டேன். அவர் மன்னிப்பாராக.

மறுநாள் கிளினிக்கில் பிரஷர் பார்த்த நர்ஸ் மிஸ் என் முகத்தையே பார்த்தார்.

"நேத்து என்னம்மா சாப்பிட்டீங்க?"

"ஒறுத்தல் மிஸ். சோறும் ஊறுகாயும்."

"மூணு நேரமுமா?"

"ஓம்."

"ஐயோ அம்மா! உப்பை அள்ளித் திண்டுபோட்டு, பிரஷர் ஏன் ஏறுதெண்டு கேக்கிறீங்களே!"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டு வாசல் படலையடியில்தான் கால் நின்றது. எதை விட வேண்டும் என்று கேட்டவள் நான். பதில் வந்துவிட்டது.

அன்றே ஊறுகாயை விட்டேன். கறிக்கு உப்பைக் குறைத்தேன். மிஸ் சொன்னபடி கீரை, பருப்பு, பழம். தவக்காலம் முடிந்து பாஸ்காவுக்குப் பிறகு, கருவாடில்லாமல் பச்சை மீன் கறி. "இது சொதியா, அரிசி கழுவின தண்ணியா?" என்றார் வீட்டுக்காரர். பிறகு அவரும் பழகிவிட்டார். குளிசையை நிறுத்தவில்லை. பிரஷர் மெல்ல மெல்ல இறங்கியது. என் உயிரைத் தந்தவருக்கு நன்றி.

இந்தத் தவக்காலத்திலும் பூசை முடிந்து பெண்கள், "எனக்கு வெறும் ஊறுகாய்தான்" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். கேட்க நெஞ்சு பதறுகிறது. சகோதரிகளே, நம்பிக் கேளுங்கள். பதில் யார் வாயால் வந்தாலும் தள்ளிவிடாதீர்கள். என் அக்காவும் ஜெபித்தவள்தான். உப்புக் குறைந்த கஞ்சியை இப்போது அவளுக்கு நான்தான் ஊட்டுகிறேன். அவள் தின்ற ஊறுகாயைப் போட்டுக் கொடுத்தவளும் நான்தான்.