பட்டாணிப் பாத்தியில் கோழிகள்

வீட்டில் அவளுக்கு மேஸ்திரி என்று பெயர். வைத்தது புருஷன். சின்னத் தோட்டம்தான், நாலைந்து காய்கறிப் பாத்தி, ஒரு கொட்டகை நிறையக் கோழிகள். ஆனால் இடுப்பில் கைவைத்து அவள் வரப்பில் நிற்கும் தோரணையைப் பார்த்தால், நூறு ஆள் வேலை செய்கிற இடமோ என்று தோன்றும். மண்ணில் ஒரு பிடி எடுத்து அழுத்திப் பார்ப்பாள். உதிர்ந்தால் விதைக்கலாம். கட்டியாக நின்றால் குளிர்கால ஈரம் இன்னும் போகவில்லை. அவள் கணக்கு தப்பியதே இல்லை. தப்பினாலும் ஒப்புக்கொண்டதில்லை என்பது வேறு விஷயம்.

இன்னொரு குணமும் உண்டு. எதையும் செய்து முடித்த பிறகுதான் சொல்வாள். கொட்டகைக்குக் கூரை மாற்றியதுகூட, மாற்றிய பிறகுதான் புருஷன் காதுக்கு வந்தது. “சொல்லிட்டிருக்கிற நேரத்துல வேலையே முடிஞ்சிடும்” என்பாள். இதற்கு யார் என்ன பதில் சொல்வது?

கோழிகள் மட்டும் அவள் அதிகாரத்துக்கு வெளியே. அவை நாத்தனார் பொறுப்பு. தன் கணவன் இறந்த பிறகு அண்ணன் வீட்டுக்கு வந்தவள் நாத்தனார். வந்தபோது கோழியைப் பிடிக்கவே பயந்தாள். இப்போது எது அடைக்கு உட்காரப்போகிறது என்பதைக் கொக்கரிக்கும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். பகல் நீண்டு வெயில் ஏற ஏற முட்டைக் கூடை நிரம்பி வழிந்த அந்த வசந்தத்தில்தான், டவுனில் தையல் கடை வைத்திருந்த ஒரு அம்மாள் அவளை வேலைக்குக் கூப்பிட்டாள். மாடியில் தங்க அறையும் உண்டாம்.

“நான் என்ன பண்ணட்டும் அண்ணி?”

“உன் இஷ்டம்மா” என்று சொல்லிவிட்டு மேஸ்திரி களைக்கொத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள். இரு என்று சொல்லத்தான் வாய் துடித்தது. சொன்னால் நன்றிக்காக இருந்துவிடுவாளே என்று அடக்கிக்கொண்டாள். நாத்தனாரோ, நாம் போனால் இவர்களுக்குப் பாரம் குறையும்போல என்று மனம் நொந்தாள்.

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம். விதைப்புக்கு முன்னால் ஒவ்வொரு பாத்தியிலும் கோழிகளைத் திறந்துவிடுவார்கள். அவை மண்ணைக் கிளறி, நத்தை, புழு, களை வேர் என்று ஒன்று விடாமல் தின்று தீர்க்கும். சம்பளம் கேட்காத கூலியாட்கள். அதற்குப் பிறகுதான் விதை போடுவார்கள்.

அந்த வருஷம் வெயில் முந்திக்கொண்டது. நாத்தனார் அறையைப் பார்க்க டவுனுக்குப் போயிருந்த மத்தியானம், மேல் பாத்தியின் மண் மேஸ்திரியின் கையில் பொலபொலவென்று உதிர்ந்தது. சும்மா இருப்பாளா? ஊறவைத்திருந்த பட்டாணியை வரிசையாக ஊன்றி, மேலே மண்ணைத் தள்ளிச் சமப்படுத்தினாள். வழக்கம்போல யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை நாத்தனார் வெறும் மண்ணைத்தான் பார்த்தாள். போவதற்கு முன் அண்ணிக்கு ஒரு வேலையாவது குறையட்டும் என்று நினைத்துக் கோழிகளைப் பாத்தியில் விட்டாள்.

டீ டம்ளரோடு வெளியே வந்த மேஸ்திரி போட்ட கூச்சலில் தெரு நாய்கூட எழுந்து நின்றது. துடைப்பத்தால் கோழிகளை விரட்டிவிட்டு மண்ணைக் கிளறினாள். மருந்துக்குக்கூட ஒரு பட்டாணி இல்லை.

“போகும்போதும் உங்களுக்கு நஷ்டத்த வெச்சுட்டுத்தான் போறேன் பாருங்க” என்றாள் நாத்தனார். முகம் வெளிறி உள்ளே போனாள்.

“நேத்தே சொல்லியிருக்கலாம்ல?” என்றான் புருஷன், அதட்டாமல். மேஸ்திரிக்குச் சுருக்கென்றது.

நாத்தனார் பையோடு திரும்பி வந்தாள். “அண்ணா, வண்டிய எடு. இன்னிக்கே டவுன்ல விட்டுடு.”

மேஸ்திரி வழியை மறித்து நின்றாள். தோட்டத்தில் அதிகாரமாக ஒலிக்கும் குரல் கரகரத்தது.

“தப்பு என்னோடதும்மா. சொல்லாம ஊனினது நான். பட்டாணி போனா போகட்டும், பருவம் இருக்கு, திரும்பப் போட்டுக்கலாம். நீ போறதுதான் எனக்குத் தாங்கல. உனக்குப் புடிச்சா போ. ஆனா நீ எனக்கு வேணும்னு தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணு.”

நாத்தனார் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “இத அன்னிக்கே சொல்றதுக்கு என்ன அண்ணி?” பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “வேற எங்கயாவது விதை போட்டிருக்கீங்களா? அதையும் இப்பவே சொல்லிடுங்க” என்றாள்.

“கீழ்ப் பாத்தியில முள்ளங்கி.”

“கோழிங்கள எந்தப் பக்கம் விரட்டினீங்க?”

மேஸ்திரி கீழ்ப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே மண் பறந்துகொண்டிருந்தது.

பையை அப்படியே போட்டுவிட்டு நாத்தனார் ஓடினாள். “அண்ணி, தெருப்பக்கப் படலைச் சாத்துங்க! அண்ணா, தீவனச் சட்டிய எடுத்துட்டு வா!” மேஸ்திரி மறுபேச்சு பேசாமல் போய்ப் படலைச் சாத்தினாள். சட்டியைத் தட்டியதும் கோழிகள் கூட்டமாகக் கொட்டகைக்குத் திரும்பின. பாதி முள்ளங்கி தப்பியது.

வர மறுத்த ஒரே சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மூச்சு வாங்க மேலே வந்தாள் நாத்தனார்.

“தையல்காரம்மாவ வேற ஆள் பாக்கச் சொல்லிடறேன் அண்ணி. இதுங்களையும் உங்களையும் ஒன்னா விட்டுட்டு நான் எங்க போறது?”