வெள்ளைக் கோடும் ஸ்டெல்லாக்காவும்

போன சனிக்கிழமை காலை இட்லிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தபோது நம் டீம் பேபி போன் செய்தாள். "ஸ்டெல்லாக்கா பூட்டாங்க, கமலாக்கா" என்றாள். எனக்குப் பிடிபடவில்லை. எங்கே போனார் என்று கேட்டேன். மறுமுனையில் அவள் அழுத பிறகுதான் விளங்கியது. தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டதாம்.

செங்கல்பட்டில் ஞாயிறு மாலை எங்களோடு எறிபந்து ஆடும் உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். படாளத்துக்காரர். ஆறு நாள் கம்பெனி கேன்டீனில் வேலை. ஏழாம் நாள் காலையில் சர்ச், சாயங்காலம் ஆட்டம். தெருமுனைக் காலி மனையில் நிற்கும் பைக்குகளை எடுக்கச் சொல்லி ஆண்களை விரட்டுவதும் அவர்தான். பந்தைத் தவறவிட்டவர் பெயரை நான் நோட்டில் குறித்தபோது, "எத்தினின்னு எழுது, யாருன்னு எழுதாத" என்றார். இன்றுவரை அப்படியே எழுதுகிறேன்.

மனையில் எல்லைக்கோடு போடுவதும் என் வேலை. வீட்டு அரிசிமாவை எடுத்துப்போய், வாசலில் இழுப்பதுபோல இழுப்பேன். நாலு மூலையிலும் கை தானாக ஒரு தாமரை போட்டுவிடும்.

மாமல்லபுரத்தில் கடற்கரை ஊர்ப் பெண்களோடு முதல் போட்டி. கோட்டின் மேல் விழுந்தாலும் பந்து உள்ளேதான் என்பது விதி. ஆனால் ஸ்டெல்லாக்காவைத் தவிர எங்கள் ஆறு பேர் கால்களும் கோட்டுக்கு ஒரு சாண் உள்ளேயே நின்றுவிட்டன. கோலத்தை மிதித்துப் பழகாத கால்கள். மீன் விற்றுவிட்டு வந்து ஆடியவர்களில் ஒருத்தி, "இன்னாம்மே, கோட்ல கரண்ட்டு ஓடுதா?" என்று கேட்டாள். அதன்பிறகு பந்தெல்லாம் கோட்டுக்கே வந்தது. தோற்றோம்.

திரும்பும் பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எறும்பு தின்னப் போடும் மாவு, மகாலட்சுமி வரும் கோடு. பந்துக்காக அதை மிதிக்க என்னால் ஆகாது, இனி நோட்டு மட்டும் எழுதுகிறேன் என்று ஸ்டெல்லாக்காவிடம் சொன்னேன். அவர் கேலி செய்யவில்லை. அடுத்த ஞாயிறு ஒரு பை சுண்ணாம்புத் தூளோடு வந்தார். "கை உன்னுதே இருக்கட்டும். மாவ மட்டும் மாத்திக்க."

போட்டு முடித்தேன். அப்போதும் கால் எழவில்லை. எந்தத் தூளானால் என்ன, கண்ணுக்கு வெள்ளை வெள்ளைதானே. அவர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்:

"உங்க சாமி இத்த பாவம்னு எழுதிச்சின்னா, என் பேர்ல எழுதிக்கச் சொல்லு. நா பாத்துக்கறேன்."

மிதித்தேன். மறுபடி மாமல்லபுரம் போனபோது கடைசிப் பந்து மூலைக்கு வந்தது. இரண்டு கால்களையும் கோட்டில் ஊன்றிப் பிடித்தேன். ஜெயித்தோம். ஒரு வாரம் கேன்டீனுக்குச் சாப்பிட வந்தவர்களிடமெல்லாம் ஸ்டெல்லாக்கா அதையே சொல்லிக்கொண்டிருந்தாராம்.

இந்த ஞாயிறு ஆட்டம் வேண்டுமா என்று சிலர் கேட்டீர்கள். நாலு மணிக்கு நான் கோடு போட்டு வைக்கிறேன். வந்துவிடுங்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் திருக்கழுக்குன்றம் மலை ஏறினேன். வேதகிரீஸ்வரரிடம் ஒன்றுதான் கேட்டேன். ஸ்டெல்லாக்கா பேரில் அதை எழுதியிருந்தால் அடித்துவிடு சாமி, என் பேரில் எழுதிக்கொள். மிதித்தது என் கால். அதில் வந்த சந்தோஷமும் என்னுடையதுதான். இரண்டையும் நானே வைத்துக்கொள்கிறேன்.